தடுப்பூசித் தவணைகள்: குழந்தைகள், பெரியவர்கள், வீட்டு நாய் பூனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடுப்பூசி போடும் அறையில் செவிலியராக இருப்பதால், ஒரே சந்தேகங்களை வெவ்வேறு முகங்களிடமிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அவசரமாகச் சொல்லும் பதில் பாதிதான் காதில் விழும். அதனால் பொறுமையாகப் படிக்கும்படி இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் நாய், பூனை இருப்பவர்கள் அவற்றைப் பற்றியும் கேட்பதால் அவற்றுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அட்டவணை நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். உங்கள் கையில் இருக்கும் அட்டையில் உள்ள தேதிதான் உங்களுக்கு. அந்தத் தேதிகள் எதற்காக அப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

1. ஒரே ஊசியை எதுக்கு மூணு தடவை போடணும் சிஸ்டர்? ஒண்ணு போதாதா?

முதல் டோஸ் உடம்புக்கு அந்தக் கிருமியை அறிமுகம் செய்கிறது. அதைப் பார்த்த உடம்பு கொஞ்சம் எதிர்ப்பொருள் உண்டாக்கும். அது சில வாரங்களில் குறைந்துவிடும். ஆனால் போகும்போது நினைவு அணுக்கள் என்ற ஒரு கூட்டத்தை விட்டுவிட்டுப் போகும். அந்த அணுக்கள் நிணநீர்க் கணுக்களில் பல வாரங்கள் தங்கி, கிருமியை இன்னும் கச்சிதமாகப் பிடிக்கும் வகைகளாகத் தேறுகின்றன. அடுத்த டோஸ் வரும்போது தேறிய அணுக்கள்தான் எழுந்து வரும். அதனால் எதிர்ப்பு வேகமாகவும் பல மடங்கு அதிகமாகவும் இருக்கும், நீண்ட காலம் நிற்கும்.

இது கொல்லப்பட்ட கிருமியிலோ அதன் ஒரு பகுதியிலோ செய்த ஊசிகளுக்கு. தட்டம்மை ஊசி மாதிரி உயிருள்ள, வலு குறைக்கப்பட்ட வைரஸில் செய்தவை வேறு வகை. அந்த வைரஸ் உடம்புக்குள் கொஞ்சம் பெருகுவதால், ஒரு டோஸ் சரியாகப் பிடித்துக்கொண்டாலே பெரும்பாலும் ஆயுளுக்கும் காக்கும். அப்படியானால் தட்டம்மைக்கு இரண்டாவது டோஸ் எதற்கு? 9 மாதத்தில் போட்டால் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் அது பிடிக்கிறது. மீதி 15 பேர் யார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களுக்காகத்தான் எல்லாருக்கும் இன்னொரு முறை போடுகிறோம்.

2. பொறந்த அன்னைக்கே ஊசி போடுறீங்களே, குழந்தை தாங்குமா?

தாங்கும். ஹெபடைடிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்குக் காரணம், அந்த வைரஸ் பிரசவத்தின்போதே தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடும் என்பதுதான். பெரியவர்களுக்கு அது தொற்றினால் 100-ல் 95 பேருக்கும் மேல் உடம்பே துரத்திவிடும். கைக்குழந்தைக்குத் தொற்றினால் கதை தலைகீழ்: 100-ல் சுமார் 90 பேருக்கு அது நிரந்தரமாகக் கல்லீரலில் தங்கிவிடும். பல வருடம் கழித்துக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளியே வரும். இதற்கு மட்டும் நாளைக் கடத்தாதீர்கள்.

பல நாடுகளில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, காசநோய் மூளை உறைக்கும் உடம்பு முழுக்கவும் பரவும் கொடிய நிலையிலிருந்து சின்னக் குழந்தையைக் காக்கும்.

3. அம்மாகிட்ட இருந்தே எதிர்ப்பு சக்தி வந்துடுமே. அப்புறம் எதுக்கு ஆறு வாரத்துலயே ஆரம்பிக்கணும்?

நல்ல கேள்வி. அட்டையில் உள்ள பாதித் தேதிகளுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. அது இரவல் சொத்து. மாதத்துக்கு மாதம் கரையும். எந்த நோய்க்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது என்பது நோய்க்கு நோய் வேறு.

கக்குவான் இருமலுக்குத் தாயிடமிருந்து வருவது பெரும்பாலும் குறைவு. அந்த நோயில் குழந்தைகள் இறப்பதும் முதல் சில மாதங்களில்தான் அதிகம். ஆகவே காத்திருக்க நேரமில்லை: பல நாடுகளில் 6, 10, 14 வாரங்கள், சில நாடுகளில் 2, 4, 6 மாதங்கள். அந்த 6 வாரம் கூட வெறுமனே போகக்கூடாது என்றுதான் பல நாடுகளில் கர்ப்பிணிக்கே கக்குவான் தடுப்பூசி போட்டு, தாய் வழியாக அதிகமாக அனுப்புகிறார்கள்.

தட்டம்மையில் இது நேர் எதிர். தாயின் எதிர்ப்பொருள் நிறையப் போய் மாதக்கணக்கில் நிற்கும். அது இருக்கும்போது ஊசி போட்டால், ஊசியில் உள்ள வைரஸையே அது அழித்துவிடும். குழந்தையின் உடம்பு எதையும் கற்காது. அதனால்தான் 9 மாதம் அல்லது ஒரு வயது வரை பொறுக்கிறோம். தட்டம்மை அதிகம் சுற்றும் இடத்தில் 9 மாதம், அரிதான இடத்தில் 12 மாதம். நோய் பரவிக்கொண்டிருந்தால் 6 மாதத்திலேயே ஒன்று போடுவார்கள். அதைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு வழக்கமான இரண்டையும் போட வேண்டும்.

4. தேதி தவறி மூணு மாசம் ஆயிடுச்சு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?

வேண்டாம். இதைக் கேட்கும் தாய்மார்கள் திட்டு விழுமோ என்று பயந்துகொண்டே வருகிறார்கள். அந்தப் பயத்தில் வராமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து வந்துவிடுங்கள். 1-ஆம் பதிலில் சொன்ன நினைவு அணுக்கள் மூன்று மாதத்தில் அழிந்துபோவதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். நடுவில் இருந்த நாட்களில் குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவு என்பதுதான் நஷ்டம்.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. கடும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்குப் பல நாடுகளில் வயது வரம்பு உண்டு; அது தாண்டினால் கொடுக்க மாட்டார்கள். நாய்க்கடிக்குப் பிறகு போடும் ரேபிஸ் ஊசியில் நாள் முக்கியம். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

5. நாங்க வெளியூர் போறோம். ரெண்டு வாரம் முன்னாடியே போட்டுட்டுப் போயிடலாமா?

தாமதம் மன்னிக்கப்படும், அவசரம் மன்னிக்கப்படாது. முதல் வருடத்துத் தவணைகளுக்கு இடையே பொதுவாகக் குறைந்தது 4 வாரம் வேண்டும். நினைவு அணுக்கள் தேறுவதற்கு முன்பே அடுத்ததைப் போட்டால், அந்த டோஸ் வீண். திரும்பவும் போட வேண்டி வரும். ஊரிலிருந்து வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது அட்டையை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே போடுங்கள்.

உயிருள்ள வைரஸ் ஊசிகளுக்கு இன்னொரு விதி: இரண்டு வகை இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் நடுவில் 4 வாரம் விட வேண்டும். முதல் ஊசி உசுப்பிவிட்ட எதிர்ப்பு, சில நாள் கழித்து வரும் அடுத்த வைரஸைப் பிடிக்க விடாமல் செய்துவிடக்கூடும். வாய்வழிப் போலியோ சொட்டு மருந்துக்கு இந்த விதி கிடையாது.

6. ஒரே நாள்ல மூணு ஊசியா? பிஞ்சு உடம்பு சிஸ்டர்!

குத்துவது வலிக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதிர்ப்பு சக்திக்கு இது பெரிய சுமை இல்லை. பிறந்த நிமிடத்திலிருந்து குழந்தையின் தோலிலும் வாயிலும் குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகள் குடியேறுகின்றன. ஐந்து நோய்க்கான ஒரே ஊசியில் தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான், ஹெபடைடிஸ் பி, ஹிப் (மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஒரு பாக்டீரியா) எல்லாம் சேர்ந்திருப்பதே குத்தும் எண்ணிக்கையைக் குறைக்கத்தான். இரண்டு தொடைகளில் பிரித்துப் போடுவோம். ஒரே தொடை என்றால் குறைந்தது 2.5 செ.மீ. தள்ளி.

போடும்போது தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள். அழுகை சீக்கிரம் நிற்கும்.

7. மூக்கு ஒழுகுது. இன்னொரு நாள் வரட்டுமா?

லேசான சளி, இருமல், வயிற்றுப்போக்குக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடும் காய்ச்சலோ குழந்தை துவண்டு கிடப்பதோ இருந்தால் மட்டும், தேறிய பிறகு போடலாம்.

8. குறைமாசத்துல பொறந்தது. கணக்கை எப்ப இருந்து பாக்கணும்?

பிறந்த தேதியிலிருந்துதான். குறைமாதக் குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த இரவல் சொத்தும் குறைவு (3-ஆம் பதில்). அதனால் அதற்குத்தான் தவணை தள்ளிப்போகவே கூடாது. எடை மிகவும் குறைவாக இருந்தால் பிறந்தவுடன் போடும் ஊசிகளில் சில மாற்றங்கள் இருக்கலாம்; அதை மருத்துவர் சொல்வார்.

9. போட்டா காய்ச்சல் வருது. போன தடவை வரவே இல்லை, அப்ப மருந்து வேலை செய்யலையா?

இரண்டும் சரியே. காய்ச்சல் என்பது உடம்பு கிருமியைக் கவனித்துவிட்டது என்பதன் ஓர் அடையாளம். வராவிட்டாலும் எதிர்ப்பு உண்டாகியிருக்கும். கக்குவான் சேர்ந்த ஊசிக்கு ஓரிரு நாளில் வந்து போகும். தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரத்திலிருந்து 12 நாளுக்குள் வரும், ஏனென்றால் அந்த வைரஸ் பெருக அவ்வளவு நாள் ஆகும். பலர் இதை வேறு காய்ச்சல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் வந்தால் எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும். வருமுன்னே கொடுத்து வைக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரம் கழித்துப் புடைத்து, சீழ் கட்டி, ஆறித் தழும்பாகும். பிதுக்காதீர்கள், எதையும் தடவாதீர்கள்.

ஊசி போட்டதும் 15 முதல் 30 நிமிடம் உட்காரச் சொல்வது சம்பிரதாயம் இல்லை. கடும் ஒவ்வாமை 10 லட்சம் டோஸுக்கு ஏறக்குறைய ஒன்று என்ற அளவில் அரிதாக வரும். வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும், உடனே மருந்து கொடுத்தால் சரியாகும். வீட்டுக்குப் போன பிறகு வலிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

10. எம்.எம்.ஆர். போட்டா ஆட்டிசம் வரும்னு அனுப்புறாங்களே?

வராது. எம்.எம்.ஆர். என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி. ஆட்டிசம் பற்றிய அந்தப் பேச்சு 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த 12 குழந்தைகள் பற்றிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அதில் உண்மைக்கு மாறான விஷயங்கள் இருந்ததால் 2010-ல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. முக்கிய ஆசிரியர் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை.

ஆட்டிசத்தின் அடையாளங்கள் வீட்டாருக்குத் தெரிய ஆரம்பிப்பதும் இந்த ஊசி போடுவதும் ஏறக்குறைய ஒரே வயதில். அதனால் ஒன்றோடொன்றை முடிச்சுப் போடத் தோன்றுகிறது. அப்படித் தோன்றியதற்காக எந்தப் பெற்றோரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊசியைத் தவிர்த்து தட்டம்மையை வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

11. மருந்து நல்லா இருக்கா, கெட்டுப் போச்சான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலான தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பல மருந்துக் குப்பிகளின் லேபிளிலோ மூடியிலோ ஒரு சின்ன வட்டம், அதன் நடுவே ஒரு சதுரம் இருக்கும். சதுரம் ஆரம்பத்தில் வெளுப்பாக இருக்கும். சூடு படப்பட நிறம் ஏறும். வட்டத்தை விட வெளுப்பாக இருக்கும்வரை போடலாம். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலோ அதைவிடக் கறுத்துவிட்டாலோ குப்பியை ஒதுக்கிவிடுவோம். காட்டச் சொல்லிக் கேளுங்கள், தாராளமாகக் காட்டுவோம்.

சூட்டை மட்டும்தான் அது காட்டும். உறைந்து போனாலும் சில ஊசிகள் வீணாகும். டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி போன்றவற்றில் உள்ள அலுமினிய உப்பு, உறைந்து உருகினால் செதில் செதிலாகப் பிரிந்துவிடும். வீட்டு ஃபிரிட்ஜில் உறையும் பெட்டியை ஒட்டி ஊசி மருந்தை வைக்காதீர்கள். நாய்க்கு வாங்கி வைக்கும் மருந்துக்கும் இதேதான்.

12. போலியோவை நாங்க பார்த்ததே இல்லை. எல்லாரும் போட்டாச்சு, என் பிள்ளைக்கு எதுக்கு?

பார்க்காததற்குக் காரணமே எல்லாரும் போட்டதுதான். நோய் உலகத்திலேயே இல்லை என்று உறுதியானால் ஊசியை நிறுத்துவார்கள். பெரியம்மைக்கு அப்படித்தான் ஆனது. 1980-ல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மாடுகளுக்கு வந்த வெக்கை நோயும் 2011-ல் அப்படி ஒழிந்தது. போலியோ வைரஸின் மூன்று வகைகளில் இரண்டின் இயற்கை வடிவம் ஒழிந்துவிட்டது, ஒன்று பாக்கி.

தட்டம்மைக்கு எதிர்ப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் எழுந்து போன அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை இருக்கும். அதைத் தடுக்க 100-ல் 95 பேருக்காவது எதிர்ப்பு வேண்டும். மீதி 5 இடங்கள் யாருக்கு? இன்னும் வயது வராத கைக்குழந்தைக்கு, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு, ஊசி போட்டும் பிடிக்காதவருக்கு. போட முடிந்தவர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

13. துருப்பிடிச்ச ஆணி குத்தினாத்தானே டி.டி. ஊசி?

துரு காரணம் இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் ஆழமான காயத்துக்குள் போவதுதான் காரணம். முள், கண்ணாடி, தீக்காயம் எதிலும் வரலாம். முந்தைய பதிலில் சொன்ன ஊர்ப் பாதுகாப்பு இதற்குச் செல்லாது. ஆளிடமிருந்து ஆளுக்கு இது பரவுவதில்லை, ஊரே ஊசி போட்டிருந்தாலும் உங்கள் காலில் குத்திய முள்ளுக்கு அது தெரியாது. ஒருமுறை டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பு உண்டாகாது. அந்தக் கிருமி சுரக்கும், உயிரைக் கொல்லும் நஞ்சின் அளவு அவ்வளவு சிறியது, உடம்பு அதைக் கற்றுக்கொள்ளக்கூடப் போதாது.

சிறுவயதில் முழுத் தவணையும் போட்டிருந்தால், பல நாடுகளில் 10 வருடத்துக்கு ஒரு பூஸ்டர். அழுக்கான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 வருடம் தாண்டியிருந்தாலே ஒன்று போடுவார்கள்.

14. எங்க வயசுக்கு வேற என்ன ஊசி இருக்கு?

ஃப்ளூ ஊசி வருடா வருடம். அந்த வைரஸ் உருவம் மாற்றிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகளைச் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை பரிந்துரைக்கிறது. மூத்தவர்களுக்கும் நீரிழிவு, நுரையீரல், இதய நோயாளிகளுக்கும், நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசி. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கி வராமலிருக்க இரண்டு டோஸ் ஊசி. சின்னம்மை வந்துபோன வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து வயதானபின் எழுவதுதான் அக்கி. மருத்துவமனையில் வேலை செய்பவர்களுக்கு ஹெபடைடிஸ் பி: 0, 1, 6 மாதங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் எம்.எம்.ஆர். போன்ற உயிருள்ள வைரஸ் ஊசிகள் கூடாது. கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும்போதே கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

15. அட்டை தொலைஞ்சு போச்சு. என்ன போட்டோம்னே ஞாபகம் இல்லை.

போட்ட இடத்தில் பதிவேடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு வயதுக்கு ஏற்றபடி போடுவோம். தட்டம்மை, போலியோ, ஹெபடைடிஸ் பி எல்லாம் கூடுதலாக ஒன்று விழுந்தால் கெடுதல் இல்லை. டெட்டனஸ் ஊசி மட்டும் அடிக்கடி போட்டால் கை நன்றாக வீங்கி வலிக்கும்.

16. நாய்க்குட்டிக்கு மூணு ஊசி போட்டும் பார்வோ வந்துடுச்சு. எப்படி?

பார்வோ என்பது நாய்க்குட்டிகளைக் கடும் வாந்தி, பேதியில் கொல்லும் வைரஸ் நோய். ஊசியை மீறி அது வருவது ஏன் என்பதற்கு 3-ஆம் பதிலைத் திரும்பப் பாருங்கள். குட்டியிடமும் தாயின் எதிர்ப்பொருள் இருக்கிறது; பெரும்பகுதி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் வருகிறது. எது அதிகம் குடித்தது, எது ஓரத்தில் தள்ளப்பட்டது என்பதைப் பொறுத்து, ஒரே ஈற்றுக் குட்டிகளில்கூட ஒன்றுக்கு 8 வாரத்தில் கரைந்துவிடும், இன்னொன்றுக்கு 14 வாரம் தாண்டியும் நிற்கும். குழந்தையைப் போல ஒரே வயதைக் குறித்துக் காத்திருக்க முடியாது, ஏனென்றால் சீக்கிரம் கரைந்த குட்டி அதற்குள் பார்வோவில் செத்துவிடும்.

அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே போகிறார்கள். கடைசி டோஸ் 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ விழ வேண்டும். பலர் எண்ணிக்கையைப் பார்த்து "மூணு ஆச்சு" என்று 12 வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த மூன்றும் தாயின் எதிர்ப்பொருளில் கரைந்து போயிருக்கலாம். எண்ணிக்கையை விட வயதைப் பாருங்கள். அதுவரை தெரியாத நாய்கள் உலவும் தரையில் குட்டியை இறக்காதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

பிறகு 6 மாதத்திலோ ஒரு வயதிலோ இன்னொன்று. அதன்பின் நாய்களுக்கு வரும் வைரஸ் நோய்களான டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்பதே உலக சிறு விலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். எலிக்காய்ச்சல் ஊசியின் காவல் குறுகியது. அது வருடா வருடம். ரேபிஸுக்கு மருந்தின் லேபிளும் நாட்டின் சட்டமும் சொல்வதே கணக்கு.

17. பூனை வெளியவே போகாது. அதுக்கும் வேணுமா?

வேணும். பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா வைரஸ் உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். கதவு திறந்திருக்கும் ஒரு நிமிடத்தில் பூனை வெளியேறவும் கூடும்.

18. ஊசி போட்ட எங்க வீட்டு நாய்தான் கடிச்சுது. நாங்களும் போடணுமா?

முதலில் காயத்தை சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். அது நீண்ட நேரமாகத் தோன்றும். காயத்தில் எதையும் அப்பாதீர்கள். அப்புறம் அன்றே மருத்துவரிடம் போங்கள். போடுவதா வேண்டாமா என்பதை வீட்டிலிருந்தபடி முடிவு செய்யாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்றே சொல்ல வேண்டும். குட்டி நாய் கடித்தாலும், தோலைக் கீறினாலும், புண்ணில் நக்கினாலும் இதே நடைமுறைதான்.

வீட்டு நாய் என்றால் 10 நாள் கவனிக்கச் சொல்வார்கள். ரேபிஸ் வந்த நாயின் எச்சிலில் வைரஸ் வருவது, அதற்கு நோய் தெரிவதற்குச் சில நாள் முன்புதான். கடித்த பிறகு 10 நாள் நாய் நலமாக இருந்தால், கடித்த அன்று எச்சிலில் வைரஸ் இல்லை. ஆனால் அந்த 10 நாளைச் சும்மா கழிக்காமல், மருத்துவர் சொன்னால் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும். நாய் நலம் என்று தெரிந்த பிறகு அவர் நிறுத்தச் சொல்வார்.

ஊசி கடித்த பின்பும் வேலை செய்வதற்குக் காரணம், இந்த வைரஸ் நரம்பு வழியாக மூளைக்குப் போக வழக்கமாக வாரங்கள், மாதங்கள் எடுத்துக்கொள்வதுதான். அதற்குள் எதிர்ப்பை உண்டாக்கிவிட வேண்டும்: 0, 3, 7-ஆம் நாட்கள், சில முறைகளில் அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு. 4-ஆம் பதிலில் இருந்த சலுகையை இங்கே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் தவறிவிட்டால் உடனே போய் மீதியைத் தொடருங்கள். ரத்தம் வரும் காயத்துக்குக் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள்; ஊசியின் எதிர்ப்பு உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை தாங்குவதற்குத் தயார் எதிர்ப்பொருள் அது. முன்பே ரேபிஸ் ஊசி முழுமையாகப் போட்டவரை நாய் கடித்தால், 0, 3-ஆம் நாட்களில் இரண்டு டோஸ் போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. அதனால் அந்தப் பழைய சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.